ஜுக்ரா மலையைப் பார்த்துக் கும்பிட்டவர்கள்

விளக்கேற்றியதும் என் பாட்டி, தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்து வாசலுக்கு வந்து ஜுக்ரா மலையைப் பார்த்துக் கும்பிடுவார். மலேசியாவில் எங்கள் கேரித் தீவு முழுவதும் தட்டையான நிலம். கண்ணுக்கு எட்டிய தூரத்தில் நிமிர்ந்து நிற்பது ஆற்றுக்கு அப்பால் இருக்கும் அந்த ஒரு மலைதான். "நம் பெரியண்ணசாமி மலை மேலே இருக்கிறார்" என்பார். எங்கள் குலதெய்வம் ஜுக்ரா மலையில் குடியிருக்கிறது என்றே வெகுநாள் நம்பியிருந்தேன். பள்ளியில் வரலாறு படித்தபோது, சுல்தான் அப்துல் சமாட் காலத்தில் அந்த மலையடிவாரம் சிலாங்கூரின் அரச நகரமாக இருந்தது என்று தெரிந்துகொண்டேன். பெரியண்ணசாமியைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி இல்லை. பாட்டியிடம் கேட்டேன். "என் ஆத்தாள் இந்த மலையைப் பார்த்துத்தான் கும்பிட்டாள். எனக்கு அவ்வளவுதான் தெரியும்" என்றார்.

2018இல் அம்மா காலமானார். பந்திங்கில் உள்ள வீட்டில் அவருடைய அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது ஒரு பித்தளைச் செம்பும் துணியில் சுற்றிய ஒரு மொய் நோட்டும் கிடைத்தன. செம்பின் கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டிய நான்கு எழுத்துகள். அதில் இரண்டு, பாட்டியின் தகப்பனாரான என் பூட்டனார் பெயருக்கும் அவருடைய தகப்பனார் பெயருக்கும் உரியவை என்று ஊகித்தேன். மற்ற இரண்டும் என்ன என்று சொல்ல வீட்டில் ஒருவரும் இல்லை. அம்மா இருந்தபோது ஒரு நாள் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். அந்த ஒரு நிமிடத்தைத் திரும்பப் பெறத்தான் ஆறு ஆண்டுகள் அலைந்தேன். முப்பது ஆண்டுகள் தாதியாக வேலை செய்தவள் நான். வயதானவர்களிடம் பொறுமையாகக் கேட்பதும் கேட்டதைத் தேதியிட்டு எழுதி வைப்பதும் பழகிப்போனவை. ஆனாலும் நிறையத் தவறுகள் செய்தேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது பட்டணங்களில் இருக்கும் நம்மவர்கள் யாராவது இந்தத் தேடலைத் தொடங்க நினைத்தால், என் தவறுகளும் அவர்களுக்கு உதவும்.

கேரித் தீவு கோலலங்காட் மாவட்டத்தில், லங்காட் ஆற்றுக்கும் மலாக்கா நீரிணைக்கும் நடுவே கிடக்கிறது. எட்வர்ட் வேலன்டைன் கேரி என்ற ஆங்கிலேயத் தோட்டத்துரை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே தோட்டம் போட்டார். அவர் பெயரே தீவுக்கு நின்றுவிட்டது. அலையாத்திக் காட்டை வெட்டி, கடல்நீர் ஏறாமல் பண்டு கட்டி, வாய்க்கால் தோண்டி, நீர்மடை வைத்த பிறகுதான் அங்கே மரம் நட முடிந்தது. முதலில் பால்மரம் என்ற ரப்பர், பிறகு பாமாயில் தரும் செம்பனை. இன்று பாலம் வழியாகக் காரில் போய்விடலாம். பாட்டி காலத்தில் படகுதான். மேற்கு, கிழக்கு, தெற்கு என்று திசையைப் பெயரில் வைத்த தமிழ்ப்பள்ளிகள் இருப்பதே அங்கே எத்தனை குடும்பங்கள் இருந்தன என்பதைச் சொல்லும். அந்தப் பண்டின் மீது நடக்கும்போது என் கால் கூசும். கடல் மட்டத்தோடு ஒட்டிக் கிடந்த சேற்றைக் கூடைகூடையாகச் சுமந்து உயர்த்தியவர்களில் என் பூட்டனாரும் இருந்திருக்கலாம். அதற்கு ஆவணம் எதுவும் என்னிடம் இல்லை.

எல்லோரையும் போல நானும் பெயரைத் தேடித்தான் தொடங்கினேன். தேசியப் பதிவு இலாகாவில் பாட்டியின் பிறப்புப் பதிவின் நகலுக்கு மனுக் கொடுத்தேன். தோட்டத்தில் இதைப் பிறந்த சூரா என்பார்கள். பாட்டியின் அடையாள அட்டையில் இருந்த பிறந்த ஆண்டு வேறு, பதிவேட்டில் இருந்த ஆண்டு வேறு. பதிவேட்டில் 1921. அடையாள அட்டை இந்த நாட்டில் 1948இல்தான் வந்தது. அவசரகாலம் தொடங்கிய நேரம். வரிசையில் நின்ற ஆயிரக்கணக்கான தோட்டத்து மக்களிடம் வயதைக் கேட்டு, சொன்னதை எழுதிக்கொண்டார்கள். ஆகவே பழைய அடையாள அட்டையில் உள்ள வயதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

அந்த நகலில் தகப்பனாரின் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதியிருந்தது. நம் வீட்டாரின் பெயரைத் தேடுகிறவர்கள் எல்லோரும் ஒரு நாள் இந்தச் சொல்லின் முன் வந்து நிற்க வேண்டியிருக்கும். அலுவலகத்து நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பக்கத்தில் இருந்த மலாய்க்காரப் பெண் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

பெயர்களின் எழுத்துக்கூட்டல் அடுத்த கண்ணி. ஆங்கிலத்தில் எழுதியவர் தோட்டத்துக் கிராணி, அதாவது அலுவலக எழுத்தர். அவர் மலையாளியாகவோ யாழ்ப்பாணத் தமிழராகவோ இருந்தால், தம் காதில் விழுந்தபடி எழுதுவார். முனியாண்டி என்ற ஒரே பெயரை நான்கு விதமாக எழுதியிருப்பதைப் பார்த்தேன். ஆகையால் தேடும் முன் அந்தப் பெயரை எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுதலாம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று நம் வழக்கத்திலேயே இருக்கிறது. நாம் தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கிறோம். பேரன் என்ற சொல்லே பெயரைத் தாங்குகிறவன் என்ற பொருளில் வந்தது என்பார்கள். ஓய்வுபெற்ற கிராணி ஒருவர் தம் வீட்டில் வைத்திருந்த 1952ஆம் ஆண்டுச் செக்ரோலின், அதாவது வேலையாட்களின் பெயர்ப் பதிவேட்டின், சில தாள்களைக் காட்டினார். அதில் பூட்டனார் பெயர் இருந்தது. எனக்குக் கை நடுங்கியது. 1952 வரை பூட்டனார் வேலை செய்திருக்கிறார் என்று எழுதி வைத்து, அதை ஒட்டி ஒரு வருடம் எதையெதையோ தேடினேன். பிறகுதான் உறைத்தது: பூட்டனார் அப்போது இருந்திருந்தாலும் எழுபதை ஒட்டிய வயது. எழுபது வயதுக்காரர் நிரை பிடித்துப் பால் வெட்டியிருக்க முடியாது. அது அவருடைய பேரன், என் அம்மாவின் மாமன் மகன். ஒரு பெயர் கிடைத்தவுடன் வயதைக் கணக்கிட்டுப் பார்த்திருந்தால் அந்த ஒரு வருடம் மிஞ்சியிருக்கும்.

கப்பல் கதையும் அப்படித்தான். எங்கள் வீட்டில், பூட்டனார் ரஜூலா கப்பலில் வந்தார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மலேசியத் தமிழர் வீடுகளில் பாதிக்கு மேல் இதே கதை இருக்கும். ரஜூலா 1926இல் கட்டப்பட்ட கப்பல். என் பாட்டி 1921இல் தீவிலேயே பிறந்திருக்கிறார். ஆக, பூட்டனார் வேறு கப்பலில் வந்தவர். பின்னாளில் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கும் நடுவே பல ஆண்டுகள் ஓடிய ரஜூலாவே எல்லோருடைய நினைவிலும் எல்லாக் கப்பலுமாக ஆகிவிட்டது. இதைச் சொன்னபோது ஒரு மாமா கோபித்துக்கொண்டார். கதையைப் பொய் என்று நான் சொல்லவில்லை. கடல் கடந்து வந்தது உண்மை, கப்பலின் பெயர் மட்டும் பிறகு ஒட்டிக்கொண்டது என்று விளக்கினேன். பெரியவர்களின் கதையைத் திருத்தும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வது நல்லது. அவர்கள் காத்துவந்தது வேறு யாரும் காக்காத ஒன்று.

கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கும் போனேன். சிலாங்கூர்ச் செயலகத்தின் பழைய கோப்புகள் அங்கே இருக்கின்றன. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தமிழ் முரசின் பழைய இதழ்களும் அதில் உண்டு. தோட்டத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் ஆங்கிலப் பத்திரிகைகளில் ரப்பர் உற்பத்திக் கணக்கும் நிறுவனக் கூட்ட அறிக்கையும் வரும். வேலை செய்தவர்களின் பெயர் வராது. தோட்டங்களை வைத்திருந்த நிறுவனங்களும் மாறிக்கொண்டே வந்தன. 2007இல் சைம் டார்பி, கோல்டன் ஹோப், கத்ரி ஆகிய மூன்றும் ஒன்றாயின. பழைய ஆவணங்களைக் கேட்கும்போது இன்றைய பெயரை மட்டும் சொன்னால் போதாது. தோட்டத்தின் பழைய பெயர், பழைய நிறுவனத்தின் பெயர், டிவிஷன் எண் எல்லாம் கையில் இருக்க வேண்டும்.

இப்படி இரண்டு ஆண்டுகள் போயின. வழி திறந்தது அம்மாவின் மொய் நோட்டில்தான்.

அது 1960இல் நடந்த அம்மாவின் கல்யாண மொய். இரண்டு வெள்ளி, ஐந்து வெள்ளி என்று வரிசையாக எழுதியிருக்கிறது. முதலில் நான் எங்கள் உறவினர் பெயர்களை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டேன். இரண்டாம் முறை படிக்கும்போது கவனித்தேன். பெயருக்குப் பக்கத்தில் பெரும்பாலும் தோட்டத்தின் பெயர் இருக்க, நான்கு பேருக்கு மட்டும் தோட்டத்தோடு ஊர்ப் பெயரும் இருந்தது. நான்கும் ஒரே ஊர், திருச்சி மாவட்டம் துறையூர்ப் பக்கம். அந்த ஊரின் முதல் எழுத்தும் துறையூரின் முதல் எழுத்தும்தான் செம்பில் இருந்த மற்ற இரண்டு எழுத்துகள்.

ஏன் நான்கு பேர் ஒரே ஊர் என்பதற்கு விடை கங்காணி முறையில் இருக்கிறது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நின்றது. அதற்குள்ளாகவே கங்காணி வழி ஆள் சேர்ப்பது பெருகிவிட்டது. தோட்டத்தில் வேலை செய்த ஒருவரையே கங்காணியாக்கி, உரிமம் கொடுத்து, அவருடைய சொந்த ஊருக்கே அனுப்புவார்கள். அவர் தம் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் தெரிந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு திரும்புவார். 1907இல் ஏற்படுத்திய குடியேற்ற நிதியில் முதலாளிகள் பணம் கட்ட, வருகிறவர்களின் கப்பல் செலவு அதிலிருந்து போனது. 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை இது நடந்தது. ஆகவே ஒரு லயத்தில் அடுத்தடுத்துக் குடியிருந்தவர்கள் பெரும்பாலும் ஓர் ஊரிலிருந்தோ ஒரு வட்டாரத்திலிருந்தோ வந்தவர்களாக இருந்தார்கள். என் பூட்டனார் பெயர் எந்தத் தாளிலும் இல்லாமல் போகலாம். அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் எங்காவது இருக்கும். அவர் ஊர்தான் இவர் ஊரும். இதைப் புரிந்துகொண்ட பிறகு என் தேடலே திசை மாறியது. என் குடும்பத்தைத் தேடுவதை விட்டுவிட்டு, என் குடும்பத்தின் அண்டை வீட்டாரைத் தேடத் தொடங்கினேன்.

மொய் நோட்டு வைத்திருக்கும் வீடுகள் இன்னும் நிறைய உண்டு. தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். கல்யாண மொய், காதுகுத்து மொய், சடங்கு மொய் எதுவானாலும் ஒவ்வொரு பக்கத்தையும் முழுதாகப் படம் எடுத்து வையுங்கள். தெரிந்த பெயர் உள்ள வரியை மட்டும் எடுத்தால் நான் முதல் முறை செய்த தவறுதான். வெளிச்சத்துக்கு ஜன்னல் ஓரம் போதும். தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்கக் கூடாது. கெட்டியான அட்டைகளுக்கு நடுவே வைத்துச் சில நாள் விட்டுவிட்டு மெல்லப் பிரிக்க வேண்டும். புகைப்படங்களின் பின்பக்கத்தையும் எடுக்க வேண்டும். படம் பிடித்த ஸ்டுடியோவின் முத்திரை இருந்தால் அதுவே ஊரைச் சொல்லும்.

அண்டை வீட்டாரைத் தேட வேண்டுமென்றால் லயத்தின் வரைபடம் வேண்டும். அதை எனக்குக் கொடுத்தவர் பெரியம்மா, பாட்டியின் மூத்த சகோதரியின் மகள். அப்போது அவருக்கு 84 வயது. தெலுக் பங்ளிமா காராங்கில் மகன் வீட்டில் இருக்கிறார். முதல் நாள் நான் கேட்ட கேள்விகள் எல்லாம் வீண். எந்த வருடம், என்ன தேதி என்று கேட்டேன். "எனக்கென்ன தெரியும் பிள்ளை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த முறை ஒரு பெரிய காலண்டர் தாளின் பின்பக்கத்தை அவர் முன் விரித்து, "பெரியம்மா, பெரட்டுக்குப் (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போகும் வழியில் முதல் வீடு யாருடையது?" என்று கேட்டேன். அவ்வளவுதான். பிள்ளைகளை விட்டுவைக்கும் ஆயாக் கொட்டகை, குழாயடி, மாரியம்மன் கோயில், கள்ளுக்கடைக்குப் போகும் பாதை என்று விரலால் கோடு இழுக்கத் தொடங்கிவிட்டார். வீடு வீடாகப் பெயர் வந்தது. யார் வீட்டுக் கோழி யார் வீட்டுத் தோட்டத்தில் மேய்ந்தது என்பதுவரை வந்தது. பத்தாவது வீடு மொய் நோட்டில் துறையூர் ஊர்ப் பெயரோடு இருந்த ஒருவருடையது. பதினோராவது எங்களுடையது.

வருடங்களைப் பிடிக்க ஒரு வழி கண்டுகொண்டேன். காலத்தைத் தேதியால் கேட்காமல் நிகழ்ச்சியால் கேட்பது. "அப்போது பால்மரமா, செம்பனையா?" "ஜப்பான்காரன் வந்துவிட்டானா?" "குடியுரிமை கிடைத்துச் சிவப்பு அடையாள அட்டை நீலமாக மாறியது அதற்கு முன்பா, பின்பா?" ஜப்பானியர் மலாயாவில் இறங்கியது 1941 டிசம்பர். 1945 செப்டம்பர் 9இல் பிரிட்டிஷ் இந்தியப் படைகள் மோரிப் கடற்கரையில் இறங்கின. அந்தக் காலையில் கடலில் கப்பல்கள் நின்றதைப் பார்த்ததாகப் பெரியம்மா சொன்னார், அப்போது அவருக்கு ஒன்பது வயது. பிறகு 1948 அவசரகாலம், 1957 மெர்டேக்கா என்ற சுதந்திரம், 1969 கலவரம். இந்த ஆணிகளை அடித்துவிட்டால் மற்றவற்றை நடுவே மாட்டிவிடலாம். காலை பசியாறிய பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். மாலையில் அவர்களுக்குக் களைப்பு வந்துவிடும். கைப்பேசியில் பதிவு செய்யும் முன் கேட்டுவிட வேண்டும், பதிவு செய்ததை அவர்களுக்கே போட்டுக் காட்டவும் வேண்டும். தம் குரலைக் கேட்டு, விட்டுப்போனதைச் சொல்வார்கள்.

பெரியம்மா சொல்லாமல் விட்டவையும் இருந்தன. தம் கூடப்பிறந்தவர்களைப் பற்றிக் கேட்டால் இரண்டு தங்கைகளைச் சொல்வார். மூத்தவர் ஒருவர் இருந்தாரா என்றால், "தேத்தண்ணீர் ஆறிப்போகிறது, குடி" என்பார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. நம் குடும்பங்களில் கேட்கக் கூடாத கேள்விகள் உண்டு. ஜாதி அதில் ஒன்று. கடலைக் கடந்ததோடு அதை விட்டுவிட்டோம் என்று நம்பும் வீடுகளில், வேரைத் தேடும் பேரப்பிள்ளை அதைத்தான் தோண்டி எடுக்கிறான் என்ற பயம் பெரியவர்களுக்கு இருக்கிறது. பயம் நியாயமானது. நான் ஊரைத் தேடினேன், ஜாதியைத் தேடவில்லை. கண்ணில் பட்டதை எழுதவும் இல்லை. உயிரோடு இருக்கும் யாருடைய பெயரையும் அவர்களைக் கேட்காமல் எங்கேயும் போடுவதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். இந்தக் கட்டுரையில் பெயர்கள் இல்லாததற்கும் அதுதான் காரணம்.

தீவில் இடுகாட்டைப் பார்க்கவும் பல முறை போனேன். தோட்டத்து நிலம் என்பதால் காவல் சாவடியில் அனுமதி வாங்கிப் போக வேண்டும். பழைய கல்லறைகளில் எழுத்து தேய்ந்திருக்கும். கம்பித் தூரிகையால் தேய்ப்பதும் சுண்ணாம்பு பூசுவதும் கல்லைக் கெடுத்துவிடும். விடிந்து சற்று நேரத்தில் வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் நிழல் விழுந்து எழும்பும். மழை நாளில் பக்கவாட்டில் டார்ச் அடித்தாலும் தெரியும். எங்கள் வீட்டாருக்குக் கல் எதுவும் இல்லை. மரச்சிலுவையோ மண்மேடோ வைத்தவர்கள்தான் அதிகம். கோயில் கல்வெட்டிலும் ஏமாந்தேன். அதில் இருந்த ஆண்டைக் கோயில் கட்டிய ஆண்டு என்று எடுத்துக்கொண்டேன். அது கும்பாபிஷேக ஆண்டு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை புதுக்கல் வைப்பார்கள், பழைய கல் போய்விடும். பழைய கல் எங்கே போயிற்று என்று பூசாரியிடம் கேளுங்கள். துணி துவைக்கும் கல்லாக எங்காவது கிடக்கலாம்.

தீவு நமக்கு முன்பே மா மெரி பழங்குடி மக்களுடையது. இதை நான் வெகு தாமதமாகத்தான் நினைத்துப் பார்த்தேன். சுங்கை பும்பூன் கிராமத்துக்குப் போனேன். நிரே பாத்து மரத்தில் முகமூடி செதுக்குவதற்கும் தாழை ஓலை பின்னுவதற்கும் பெயர் பெற்ற ஊர். அவர்கள் முன்னோருக்கென்றே ஹாரி மோயாங் என்று ஒரு நாள் கொண்டாடுகிறார்கள். மோயாங் என்றால் நம் பூட்டன் பூட்டிமார்தான். அங்கே பாய் பின்னிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம் மலாயில் பேசிக்கொண்டிருந்தபோது, தம் தாயாருக்குப் பிரசவம் பார்த்த ஒரு தமிழ்க் கிழவி இருந்தாளாம், பாய்க்குப் பதிலாக அரிசி கொடுப்பாளாம் என்றார். பெரியம்மாவிடம் வந்து சொன்னேன். "அது என் அம்மாயிதான், உன் பூட்டி. அந்தப் பாயில்தான் நாங்கள் எல்லோரும் படுத்தோம்" என்றார். எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தியின் நினைவு, மூன்று தலைமுறையாக வேறொரு இனத்தாரின் வீட்டில் பத்திரமாக இருந்திருக்கிறது. தமிழர்களிடம் மட்டும் கேட்டிருந்தால் பூட்டி மருத்துவச்சி என்பதே எனக்குத் தெரிந்திருக்காது.

பத்தாவது வீட்டுக்காரரின் பேரனைக் கிள்ளானில் கண்டுபிடித்தேன். என்னைவிட மூத்தவர், பஸ் ஓட்டியவர். காலண்டர் தாளைக் காட்டியதும் கண்கலங்கிவிட்டார். பேச்சுவாக்கில், "உங்கள் குலதெய்வம் எது?" என்று கேட்டேன். "பெரியண்ணசாமி. கொல்லிமலை மேலே கோயில் இருக்கிறதாம், நான் போனதில்லை" என்றார்.

பாட்டி கும்பிட்ட மலை! துறையூர்ப் பக்கத்திலிருந்து பார்த்தால் எதிரே எழுந்து நிற்பது கொல்லிமலை. பூட்டி தம் ஊர் வாசலில் நின்று கொல்லிமலையைப் பார்த்துக் கும்பிட்டுப் பழகியவர். தட்டைத் தீவில் வந்து இறங்கியபோது அவர் கண்ணுக்குக் கிடைத்தது ஜுக்ரா. கும்பிட ஒரு மலை வேண்டியிருந்தது, அதை எடுத்துக்கொண்டார். ஊர் தெரியாதவர்கள் குலதெய்வத்தின் பெயரிலிருந்து தொடங்கலாம் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன். மாரியம்மன், முனீஸ்வரன் போலப் பரவலான தெய்வமாக இருந்தால் அடையாளம் சொல்லாது. மலை, ஆறு, ஊர் எதனோடாவது கட்டுண்ட தெய்வமாக இருந்தால் வரைபடத்தில் விரல் வைத்துவிடலாம். தீபாவளிக்கு முன் முன்னோர்களுக்குப் படையல் போடும்போது கேளுங்கள். அன்றைக்குப் பெரியவர்கள் தாமாகவே பேசுவார்கள்.

2024 ஜனவரியில் துறையூருக்குப் போனேன். கையில் செம்பின் படம், மொய் நோட்டின் நகல், கிள்ளான் அண்ணன் கொடுத்த ஒரு பழைய கடித உறையின் முகவரி. ஊரில் என் பூட்டனார் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியவில்லை. நூறு ஆண்டுக்கு முன் போனவரை யார் நினைவு வைத்திருப்பார்கள்? பத்தாவது வீட்டுக்காரரின் பெயரைச் சொன்னதும் ஒரு வீட்டைக் காட்டினார்கள். அவருடைய தம்பியின் பேத்தி, ஒரு பள்ளி ஆசிரியை, பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினார். மலாயாவிலிருந்து வந்த கடிதங்கள். அதில் ஒன்று 1946ஆம் ஆண்டு. போர்க்காலத்தில் நின்றுபோன தபால் மீண்டும் ஓடத் தொடங்கியபோது எழுதியது. யார் யார் உயிரோடு இருக்கிறார்கள், யார் இல்லை என்று வீடு வீடாக எழுதியிருந்தார். எங்கள் வீட்டைப் பற்றி நான்கு வரி இருந்தது. பூட்டனார் போர் நடந்தபோதே காலமானார். அவருடைய மூத்த மகளின் மகன், சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போன பையன், திரும்பி வரவில்லை. தாயார் சரியாகச் சாப்பிடுவதில்லை. இதைப் பூட்டனாருடைய பங்காளிகளுக்குச் சொல்லிவிடவும்.

சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே ஜப்பானியர் 1942, 1943 ஆண்டுகளில் போட்ட அந்த 415 கிலோமீட்டர்ப் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் எத்தனையோ ஆயிரம் பேர் மாண்டார்கள். அது எனக்குப் பாடமாகத் தெரியும். என் வீட்டிலிருந்து ஒருவர் போனார் என்பது அன்றுதான் தெரிந்தது. பெரியம்மாவின் அண்ணன்.

மறுநாள் கொல்லிமலைக்குப் போனேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் போகும்போது ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டே போனேன். பூட்டிக்காக ஒரு தேங்காயும் பாட்டிக்காக ஒன்றும் அம்மாவுக்காக ஒன்றும் உடைத்தேன்.

திரும்பி வந்து இரண்டு வாரம் பெரியம்மா வீட்டுக்குப் போகாமல் இருந்தேன். 88 வயது மனுஷியிடம், அவர் எண்பது ஆண்டுகளாக மூடி வைத்திருப்பதைத் திறக்க எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. அவருடைய மகனிடம் முதலில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "மலைப் படத்தை முதலில் காட்டுங்கள். அவர்களே கேட்டால் மற்றதைச் சொல்லுங்கள்" என்றார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது.

கைப்பேசியில் கொல்லிமலையைப் பார்த்தார். பெரிதாக்கச் சொன்னார். "இவ்வளவு பெரிய மலையா? ஆத்தாடி, நாங்கள் அந்தக் குட்டி மலையையல்லவா கும்பிட்டுக்கொண்டிருந்தோம்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேச்சில்லை. "வேறு என்ன கொண்டுவந்தாய்?" என்று கேட்டார். கடிதத்தின் நகலை எடுத்து, அந்த நான்கு வரிகளைப் படித்தேன்.

"இன்னொரு தரம் படி" என்றார். படித்தேன்.

"லாரியில் ஏற்றினார்கள். அன்றைக்கு அவன் என் தலையைப் பின்னிவிட்டிருந்தான். அம்மாவுக்குக் காய்ச்சல். ஒரு வாரத்துக்கு அந்தப் பின்னலை நான் அவிழ்க்க விடவில்லை" என்றார். பிறகு அண்ணனுடைய பெயரைச் சொன்னார். அது பெரியம்மாவின் அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயராம். காலண்டர் தாளை எடுத்துவரச் சொல்லி, பதினோராவது வீட்டில் விரல் வைத்து, எனக்கு மேலே எழுது, அவன்தான் மூத்தவன் என்றார். இடம் போதவில்லை. ஓரத்தில் ஒரு தாளை ஒட்டி எழுதினேன்.